அப்பாவின் சாப்பாட்டில் எத்தனை கை

அக்கோ
2004 நவம்பர் கடைசி

அன்பு மகள் சிஸுருவுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை எமி மூன்று பேரும் அந்தப் பனியிலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், நினைக்கத்தான் முடிகிறது, ஹாலிஃபாக்ஸ் என்ன அடுத்த தெருவா, எட்டிப் பார்த்துவிட்டு வர. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். இதைச் சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, போன வாரம் இந்த வரியை எழுத முடியாமல் போயிருக்கும். பதறாதே. உன் அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார், கதகதப்பு மேஜைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறார், யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவேண்டுமாம், கேட்க வாய் வரவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது "ஒண்ணுமில்லம்மா, லேசா சளி" என்பார். நம்பாதே. நடந்ததை நான் ஒழுங்காக எழுதுகிறேன், கடைசிவரை படி, படித்து முடிக்காமல் போனைத் தொடாதே.

இந்த வருஷம் ஊர் முழுக்க நிகாரிப் பைத்தியம் பிடித்திருக்கிறது. உப்பு எடுத்தபின் தொட்டியில் மிஞ்சுகிற அந்தக் கசப்புத் தண்ணீர்தான், டோஃபு உறையவைக்க ஊற்றுவோமே, அதுவேதான். டிவியில் ஒரு ஆள் வந்து, அதில் இருப்பது மெக்னீஷியம், வயதானவர்களுக்கு எலும்பு தேயாது, கால் நரம்பு சுண்டி இழுக்காது, ராத்திரி நல்ல தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும் என்று ஒரு மணி நேரம் சொன்னான். மறுநாள் கடையில் ஒரு பாட்டில் கிடையாது. நம் ஊர் உப்பு ஊர் என்பதால் இங்கே பெருமை வேறு, எல்லோர் வீட்டிலும் சோயா சாஸ் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் நிற்கிறது. உன் அப்பா மட்டும் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். "ஏய், முப்பது வருஷம் அந்தக் கசப்புத் தண்ணியை லாரியில ஏத்திக்கிட்டுப் போய்க் கொட்டினவன் நான். லாரியோட அடித்தகட்டையே தின்னுடுச்சு அது. அதைப் போய் என் டீயில ஊத்துறியா? என்னைத் துருப்பிடிக்க வைக்கப் பாக்கிறியா?" என்று கத்தினார். சரி என்று நானும் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன். சோறு வேகும்போது மட்டும் மூன்று சொட்டு விடுவேன், சோறு பளபளவென்று வரும், எல்லா வீட்டிலும் விடுகிறார்கள், அதை எல்லாம் ஆம்பிளைகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

இனிமேல்தான் விஷயம். கோடை முடிந்ததிலிருந்து உன் அப்பாவின் நடவடிக்கை எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு மணிக்கு முன்னால் கண்ணைத் திறக்காத மனுஷன் விடியற்காலையில் எழுந்து, முகம் மழித்து, கோயில் மைதானத்தில் ரேடியோ பாட்டுக்கு எல்லோரும் கூடிச் செய்கிற உடற்பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். வேலையில் இருந்தபோது உப்பு ஆலையில் எல்லோரும் சேர்ந்து செய்வதற்குக்கூட முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினவர். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "கால் மரத்துப் போகுதுடி, கொஞ்சம் ஆட்டிவிடலாம்னுதான்" என்கிறார். காலை ஆட்டுவதற்கு முகத்தை எதற்கு மழிக்க வேண்டும்? மைதானத்தில் முன் வரிசையில் நிற்பது யார் என்று விசாரித்தேன், டோஃபுக் கடை கினுவே. புருஷன் போய்ச் சேர்ந்தபிறகும் உதட்டுச் சாயம் போடுகிறவள். நெருப்பில்லாமல் புகையாது என்று எனக்குத் தெரியும். அப்புறம் உன் போன். ஞாயிறு காலையில் மணி அடித்ததும் ஓடிப்போய் எடுப்பார், குரலைத் தணித்துக்கொள்வார், நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் "சரி சரி, அம்மா வர்றா" என்பார், அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவீர்கள். எனக்குக் காது மந்தம்தான், மூளை மந்தமில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் என் கருநீலப் பஞ்சுக்கோட்டு. அப்புறம் கம்பளி வயிற்றுப்பட்டை. அப்புறம் போன வருஷக் கடைசியில் பரிசாக வந்த நல்ல கடற்பாசித் தாள் டப்பா, முத்திரைகூடப் பிரிக்காதது. நம் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கூப்பிடாமல் வருகிற ஆள் ஒருவர்தான், உன் மிசாவோ அத்தை. எண்பது தாண்டியும் படியில் ஏறும்போது கைப்பிடியைத் தொடமாட்டார், அவ்வளவு திமிர். நான் எதையும் சொல்லவில்லை, ஒருநாள் கருநீலத்தில் ஒரு சால்வை போர்த்திக்கொண்டு வந்தபோது மட்டும், "அக்கா, இது எங்கேயோ பார்த்த நிறமா இருக்கே" என்று கேட்டேன். "என் கல்யாணத்துக்கு வாங்கினது. ஏன், உனக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சா?" என்றார். கோட்டு வேறு சால்வை வேறு என்று எனக்கும் தெரியும், ஆனால் கோட்டை வெட்டிச் சால்வை தைக்க முடியாதா என்ன. அன்றிலிருந்து பின்வாசலுக்குத் தாழ் போட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அக்டோபர் வந்ததும் உன் அப்பா தூங்க ஆரம்பித்தார். ராத்திரி தூக்கத்தைச் சொல்லவில்லை. மிசோ சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே தூங்குவார். குளிக்கப்போனால் சத்தமே இருக்காது, நான் கதவைத் தட்டித் தட்டி எழுப்புவேன். பேச்சும் நாக்கு தடித்தமாதிரி வந்தது. குடிக்கிறாரோ என்று வாயை மோந்து பார்த்தேன், பார்லி டீ வாசனைதான். வயதாகிவிட்டது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள், வயது என்ன நேற்றா வந்தது? உன் அத்தை வீட்டில் தினமும் மத்தியானம் டீ குடித்துவிட்டு வந்தபிறகுதான் கண் செருகுகிறது என்பதை நான் கவனித்தேன். நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். "அம்மாவுக்கு எல்லாரும் திருடங்கதான்" என்று மாப்பிள்ளையிடம் சொல்வாய். சொல்லு. அந்த டீயை ஒருநாள் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், அடி நாக்கில் லேசாக ஒரு கசப்பு. என்ன இது என்றதற்கு, "பார்லி கொஞ்சம் கருகிடுச்சு" என்று உன் அத்தை கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். மரியாதை, மரியாதை என்று விட்டேன்.

போன வாரம் விடியற்காலை மைதானத்தில் ரேடியோ பாட்டுக்கு எல்லோரும் கையைத் தூக்கி நின்றபோது, தூக்கின கை தூக்கினபடியே இருக்க, உன் அப்பாவின் முழங்கால் இரண்டும் மடங்கிவிட்டதாம். கினுவேதான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தாளாம், மண்ணில் அடிபடாமல். ஆம்புலன்ஸில் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன், ஒரு துடிப்பு வந்தால் அடுத்தது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. சிஸுரு, என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. தோகுஜி, தோகுஜி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டதில்லை, அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்னடி மரியாதை கெட்டுப்போச்சு" என்று முனகினார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப்பெண், டாக்டராம், உன்னைவிட இளையவள், வெளியே வந்து ரத்தத்தில் மெக்னீஷியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றாள். கால்சியம் ஊசி போட்டார்கள், ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் பண்ணினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லது நல்லது என்று டிவியில் சொன்ன பொருள் எப்படி ஆளை விழத்தட்டும் என்று கேட்டேன், பொய்யா சொன்னார்கள் என்றும் கேட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "பொய் இல்லம்மா. எலும்பு, தசை, தூக்கம், நெஞ்சுத் துடிப்பு எல்லாத்துக்கும் அது வேணும். வயசானவங்களுக்கு அது குறைஞ்சுபோறதும் நிஜம்தான், சாப்பாடு குறையுது, குடலும் முன்ன மாதிரி இழுத்துக்கறதில்ல. ஆனா மிச்சத்தை வெளியே தள்ளுறது கிட்னி. உங்க வீட்டுக்காரருக்கு அது ரொம்பச் சோர்ந்துபோயிருக்கு. குளியல்தொட்டியில தண்ணி போற ஓட்டையில முடி அடைச்சுக்கிட்டா என்னாகும்? குழாயை மூடாம விட்டா வழியத்தானே செய்யும். இப்ப இவருக்கு எத்தனை குழாய் திறந்திருக்குன்னு எனக்குத் தெரியணும். தெரியாம வீட்டுக்கு அனுப்பினா அடுத்த தடவை நெஞ்சு நின்னுடும்." இப்படி முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, மழுப்பாத ஆள்.

முதல் குழாய் உடனே தெரிந்தது. வயிறு போகாததற்கு நம் தெரு டாக்டர் வருஷக்கணக்காகக் கொடுக்கிற வெள்ளைப் பொடி, அதுவே மெக்னீஷியம்தானாம். பாதி ஊர் கிழங்கள் அதைத்தான் முழுங்குகின்றன, கிட்னி நன்றாக இருக்கிறவரை ஒன்றும் செய்யாதாம். வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நானும் உன் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் உன் அத்தை கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மடியில் வைத்தார், நிகாரி. "கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன்தான் போட்டேன். எங்கம்மாவுக்குக் கடைசியில எலும்பு நொறுங்கிப் போச்சு, தம்பிக்கும் அப்படி ஆயிடக்கூடாதுன்னு... சொன்னா அவன் குடிக்கமாட்டான்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். கைப்பிடியைத் தொடாத அந்தப் பெண்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது. நீங்களும் அதையே குடிப்பதுண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார், அழுகைக்கு நடுவிலும். என் சோற்றுப்பானை மூன்று சொட்டையும் சொல்லிவைத்தேன், அது ஒன்றும் பெரிதில்லை, டாக்டரும் பெரிதில்லை என்றுதான் சொன்னாள், ஆனாலும் எழுதிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும் டாக்டர் தலையை ஆட்டினாள். இவ்வளவு ஏற இது போதாது, இன்னும் ஒரு குழாய் எங்கேயோ திறந்திருக்கிறது என்றாள். உன் அப்பாவைக் கேட்டால் கூரையைப் பார்க்கிறார். "வேற ஒண்ணும் சாப்பிடல" என்கிறார். அந்த மனுஷன் பொய் சொன்னால் இடது காது சிவக்கும், சிவந்திருந்தது. எனக்கு உடனே யார் ஞாபகம் வந்திருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். நேரே டோஃபுக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு என்ன கொடுக்கிறாய் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டேன். கினுவே கையில் இருந்த டோஃபுவைத் தண்ணீரில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "என் டோஃபுல நிகாரி இல்லாம பின்ன சர்க்கரையா இருக்கும்? ஊரே தின்னுது, உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் விழுந்தார். அதுவும் யார் கையில விழுந்தார்னு கேட்டீங்களா? எனக்குத் தோள்பட்டை இன்னும் வலிக்குது. அவர் என்கிட்ட பேசினதே ஒரே ஒரு பேச்சுதான், பொம்பளைங்களுக்கு விரல் அழுத்தாத ஷூ எந்தக் கடையில கிடைக்கும்னு" என்றாள். பொம்பளை ஷூவா! கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நினைத்துக்கொண்டே, ஒரு டோஃபு வாங்கிக்கொண்டு வந்தேன், வாங்காமல் வந்தால் நன்றாக இருக்காது.

மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அன்றைக்குள் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தாக வேண்டும். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன், பீடத்தில் சாமி படத்துக்குப் பின்னால், மீன்பிடிப் பெட்டி, அவர் காலுறை எல்லாம். ஒன்றும் இல்லை. கடைசியில் பின்கொட்டகைக்குப் போனேன். முள்ளங்கி ஊறப்போடுகிற மரப்பீப்பாய்களை இந்த வருஷம் தானே உருட்டி வைப்பதாகச் சொல்லி என்னை உள்ளே விடாமல் இருந்தார், வேலைக்குச் சோம்பல்படுகிற ஆளுக்கு அந்த அக்கறை எதற்கு என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். பீப்பாய்க்குப் பின்னால் வைக்கோல் பாயில் சுற்றி ஒரு பெட்டி. புதிதாக வாங்கின பயணப்பெட்டி, சக்கரம் வைத்தது. சிஸுரு, கிழவன் ஓடத்தான் போகிறான் என்று நினைத்தேன். இத்தனை வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, யாரோடு என்றுதான் தெரியவில்லை.

திறந்ததும் மேலேயே ஒரு பெரிய பாட்டில், இங்கிலீஷ் எழுத்து, அதன்மேல் காகிதம் ஒட்டி உன் கையெழுத்தில் "அப்பா, கால் சுண்டாமல் இருக்க தினமும் ஒன்று" என்று. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்ததுமே இதுதான் அந்தக் குழாய் என்று தெரிந்துவிட்டது. போன தடவை நீ அனுப்பின விட்டமினை நான் குப்பையில் போட்டேன் என்பதால் இந்தத் தடவை தபாலாபீஸுக்கே போய் வாங்கி வந்திருக்கிறார். பஸ் பிடித்து அந்தப் பெண் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெக்னீஷியம்தான். நீ ஒன்று என்று எழுதினாய், சீக்கிரம் கால் தேறட்டும் என்று அவர் நாலைந்தாக விழுங்கியிருக்கிறார் என்று பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிட்டாள். லாரியைத் தின்ற நிகாரியும் மகள் அனுப்பின மாத்திரையும் ஒன்றேதான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விழுங்கியிருப்பார். உயிர் போகிற நேரத்திலும் உன் பெயரைச் சொல்லவில்லை பார். உன்மேல் எனக்குக் கோபமில்லை, கோபம் இல்லை என்று சொல்ல ஒரு நாள் ஆயிற்று, இப்போது இல்லை. நல்ல மனசு உள்ளவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்கிறார்கள், எனக்கு இனிமேல் திருடர்களைவிட அவர்களிடம்தான் பயம்.

ஆனால் பாட்டிலோடு நான் பெட்டியை மூடவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பேனா. எமியின் பெயர் எழுதின சின்ன சாப்பாட்டுக் குச்சிகள் ஒரு ஜோடி. முத்திரை பிரிக்காத கடற்பாசி டப்பா. அதற்குக் கீழே என் கம்பளி வயிற்றுப்பட்டை, என் கருநீலப் பஞ்சுக்கோட்டு, அழகாக மடித்து, அந்துப்பூச்சி உருண்டைகூடப் போட்டு. அவருடைய சாமான் என்று பார்த்தால் இரண்டு சட்டை, அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு ஜோடி ஷூ, பெண்கள் ஷூ, முன்பக்கம் அகலமாக. என் இடது கால் கட்டைவிரல் எலும்பு துருத்திக்கொண்டு வலிப்பது அவருக்குத் தெரியும் என்றே எனக்கு இத்தனை நாள் தெரியாது. கொட்டகையிலேயே போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த முள்ளங்கி நாற்றத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை. உன் கல்யாணத்தன்று, வெளிநாட்டான் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கமாட்டேன் என்று சொன்னது நான்தான், சொன்னது சொன்னதுதான். அதற்காக என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, எப்படியாவது கிளப்பிக்கொண்டு போகலாம், அவ்வளவு நேரம் விமானத்தில் உட்காரக் கால் மட்டும் ஒத்துழைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார், அசடு.

பெட்டியில் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டேன், பாட்டிலைத் தவிர. அதை டாக்டரே வைத்துக்கொண்டாள். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த அன்றே மெல்லக் கொட்டகைக்குப் போனார், வரும்போது முகம் சப்பென்று இருந்தது, பாட்டில் இல்லை அல்லவா, கேட்கவும் முடியாது. இப்போது சந்தேகப்படுவது அவர் முறை, நான் எழுந்தால் பார்க்கிறார், உட்கார்ந்தால் பார்க்கிறார், எனக்கு நன்றாக இருக்கிறது. பின்வாசல் தாழை எடுத்துவிட்டேன், உன் அத்தை வருகிறார், வரும்போது வெறும் டீதான், முதல் வாய் அவர் குடித்தபிறகுதான் தம்பிக்கு. வெள்ளைப் பொடியை டாக்டர் மாற்றிவிட்டாள். என் பாட்டிலையும் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். பீன்ஸ், டோஃபு, கடற்பாசி எல்லாம் அளவாகச் சாப்பிடலாம், அதிலிருந்து வருகிற மெக்னீஷியம் போதும், இனி மாத்திரையாகவோ சொட்டாகவோ எதுவும் கூடாது, என்ன வாயில் போனாலும் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்டளை. மாதாமாதம் ரத்தம் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருந்தால் செர்ரி பூக்கும்போது விமானம் ஏறலாமா என்று நான் நானாகவே அவளிடம் கேட்டேன். ஏறலாம் என்றாள். யார் போகிறீர்கள் என்று கேட்டாள், எனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். இனி எந்தப் பாட்டிலும் அனுப்பாதே, அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். நான் பெட்டியைப் பார்த்ததை அப்பாவிடம் சொல்லாதே, அவர் ஒளித்துவைத்த சந்தோஷம் அவருக்கு இருக்கட்டும். எப்படியும் ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார். முதல் தடவை கேட்டால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன், இத்தனை வருஷம் சொன்னதை ஒரே நாளில் எப்படி மாற்றுவது. அந்த மனுஷன் ஒரு தடவை இல்லை என்றால் அப்படியே வாயை மூடிக்கொள்கிற ரகம், உனக்குத் தெரியும். இரண்டாம் தடவையும் கேட்கச் சொல்லி நீதான் அவருக்குப் போனில் சொல்லிக்கொடுக்க வேண்டும். குரலைத் தணித்தே சொல்லு, நான் சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

குழந்தை எமிக்கு ஒரு குறையும் வராமல் எல்லாத் தெய்வங்களும் பார்த்துக்கொள்ளட்டும், அந்தச் சின்னக் கைக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவை. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருங்கள், அவருக்கும் என் ஆசி என்று சொல், இப்படியே சொல், நான் எழுதியதாகவே சொல். கழுத்தை மூடாமல் பனியில் வெளியே போகாதே. அங்கே ஏப்ரலில் எவ்வளவு குளிர் என்று மறக்காமல் எழுது, ஒரு கோட்டு போதுமா இரண்டு வேண்டுமா என்று எனக்குத் தெரியவேண்டும்.

எதையும் லேசில் நம்பாத உன் அம்மா,
யாசுயோ